460 கோடி ஆண்டுகள், 24 நிமிடப் பாட்டு

ஒரு தை மாதக் காலை. பனி இன்னும் முழுவதும் விலகவில்லை. கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டியுள்ள சுண்ணாம்புக்குளத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருடன் ஏரிக்கரையில் நின்றிருந்தோம். எங்களிடம் இருந்தவை இரண்டு பைனாகுலர்கள்.

தூரத்தில் தண்ணீர்மேல் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. உப்பு பூத்த திட்டு என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் அந்தக் கோட்டுக்குக் கால்கள் முளைத்தன. கோடு நடந்தது! ஆம், பூநாரைகள். நூற்றுக்கணக்கில்.

"சார், அது ஏன் தலையைக் கவிழ்த்துக்கிட்டு மேயுது?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

நல்ல கேள்வி அல்லவா? விளக்கினேன். பூநாரை தலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டுத்தான் இரை தேடும். அதன் அலகின் விளிம்புகளில் சீப்பின் பற்களைப் போன்ற தகடுகள் வரிசையாக உண்டு. நாக்கு நொடிக்குப் பல தடவை முன்னும் பின்னும் அசைந்து, சேற்று நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். நீர் வெளியேறும், சிறு பாசிகளும் நுண்ணுயிர்களும் தகடுகளில் தங்கிவிடும். அலகு சல்லடை, நாக்கு பம்பு. சிறகின் இளஞ்சிவப்புகூடப் பிறவியில் வந்ததன்று. உண்ணும் இரையிலுள்ள கரோட்டினாய்டு என்னும் நிறமிகள் தந்தது.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பையன் மட்டும் முகத்தைச் சுளித்தான்.

"பார்க்கச் சொல்ல ரொம்ப நல்லா இருந்துச்சு சார். இப்போ சல்லடை, பம்பு, சாயம்னு பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லிட்டீங்க. எல்லாத்தையும் இப்படிச் சொல்லிட்டா அப்புறம் அழகு எங்கே சார் இருக்கும்?"

பக்கத்தில் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "தம்பி சரியாத்தான் கேட்குது சார். பதில் சொல்லுங்க" என்றார்.

உடனே எனக்குப் பதில் வரவில்லை. நண்பர்களே, இது பழைய கேள்வி. வானவில்லின் நிறங்கள் எப்படி வருகின்றன என்று நியூட்டன் விளக்கியபின் வானவில்லின் கவிதையே போய்விட்டது என்று ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் வருந்தினார். அது நடந்து 200 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் இந்தக் கேள்விக்கு 2015-ஆம் ஆண்டில் ஒரு விசித்திரமான இடத்திலிருந்து பதில் வந்தது. அது ஒரு பாட்டுக் குழுவின் பதில். அதுவும் காதைப் பிளக்கும் மின்கிதாரும் முரசும் முழங்கும் குழு! அந்தக் கதையைத்தான் இந்த மாதம் பார்க்கப்போகிறோம்.

ஏரிகளின் நாட்டில் ஒரு குழு

ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் நாடு ஃபின்லாந்து. பெரிதும் சிறிதுமாக ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் அங்கே உண்டு. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில், ஏரிகளுக்கும் காடுகளுக்கும் நடுவில் கித்தே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1996-ஆம் ஆண்டில் சில இளைஞர்கள் சேர்ந்து ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். அதன் பெயர் நைட்விஷ். குழுவுக்குப் பாட்டு எழுதுபவரும், பெரும்பாலான மெட்டுகளை அமைப்பவரும் டுவோமாஸ் ஹோலோபைனென். அவர் கீபோர்டு வாசிப்பவர்.

இவர்களுடைய இசைக்கு 'சிம்பொனிக் மெட்டல்' என்று பெயர். 'மெட்டல்' என்பது மேலைநாட்டு இசையில் மிகவும் உரத்த வகை. 'சிம்பொனி' என்பது வயலின், செல்லோ, குழல், கொம்பு என்று பல பத்துக் கருவிகள் சேர்ந்து இசைக்கும் பெரிய வாத்திய இசை. இந்த இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றி, கூடவே சேர்ந்து பாடும் குழுவையும் நிறுத்தினால் அதுதான் சிம்பொனிக் மெட்டல். கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் பறையும் ஒரே நேரத்தில் ஒரே தாளத்தில் முழங்கினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படி.

கிதார் ஏன் உறுமுகிறது?

மெட்டல் இசையில் கிதார் உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த உறுமலுக்குள் ஒரு சிறிய இயற்பியல் பாடம் இருக்கிறது.

வழக்கமான சுருதியில் கிதாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. எஃகுக் கம்பி அதிரும்போது அதன் கீழே உள்ள காந்தச் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. இது நீங்கள் படித்த மின்காந்தத் தூண்டல்தான். இந்த மின் அலை மேலும் கீழும் வளைந்து செல்லும். பெருக்கி அதைப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும்.

பெருக்கியால் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அலையைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுவிடும். கூர்மையான குன்றின் உச்சியைச் சீவிச் சமதளமாக்கியது போல் ஆகிவிடும். இப்படி வெட்டுப்பட்ட அலையில் 82 மட்டும் இருக்காது. அதன் மடங்குகளான 164, 246, 328 போன்ற அதிர்வெண்களும் முன்பைவிட வலுவாகச் சேர்ந்துகொள்ளும். இவற்றை மேற்சுரங்கள் என்பார்கள். ஒரே கம்பியிலிருந்து ஒரு கூட்டமே பாடுவது போன்ற அடர்த்தி இப்படித்தான் வருகிறது. பொறியாளர் தவறு என்று ஒதுக்கிய ஒன்றை இசைக்கலைஞர்கள் அழகாக்கிக்கொண்டார்கள்!

இந்த விளக்கத்தைப் படித்தபின் கிதாரின் உறுமல் உங்களுக்குக் கசந்துவிட்டதா? இல்லை அல்லவா? இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவோம்.

டார்வின் தந்த தலைப்பு

நைட்விஷ் குழு 2015-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதன் பெயர் 'எண்ட்லெஸ் ஃபார்ம்ஸ் மோஸ்ட் பியூட்டிஃபுல்'. எல்லையில்லாத, பேரழகு வாய்ந்த உருவங்கள் என்று பொருள் சொல்லலாம்.

இந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலின் கடைசி வாக்கியத்திலிருந்து! நூல் முழுவதும் ஆதாரங்களை அடுக்கிக்கொண்டே போன டார்வின், கடைசி வரியில் மட்டும் சற்று நின்று வியக்கிறார். மிக எளிய தொடக்கத்திலிருந்து இத்தனை வகை உயிர்கள் தோன்றின, இன்னும் தோன்றிக்கொண்டிருக்கின்றன என்பதே அந்த வியப்பு. அந்த வியப்பையே ஹோலோபைனென் பாட்டாக்க விரும்பினார்.

தொகுப்பில் மொத்தம் 11 உருப்படிகள். எல்லாமே அறிவியல் பாட்டுகள் அல்ல. ஒரு பாட்டுக்கு அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் தூண்டுதல். இன்னொன்றின் பெயரில் 'வால்டன்' வருகிறது. அது அமெரிக்க எழுத்தாளர் தோரோ காட்டில் குடிசை போட்டுத் தங்கியிருந்த குளத்தின் பெயர். உங்கள் சுண்ணாம்புக்குளம் போல அதுவும் ஒரு குளம்தான்! ஆனால் தொகுப்பின் முதலும் முடிவும் அறிவியலே.

பாடியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஃபுளோர் யான்சன். இந்தக் குழுவில் அவர் பாடிய முதல் தொகுப்பு இது. டிராய் டோனாக்லி என்ற இங்கிலாந்துக் கலைஞர் அயர்லாந்தின் துருத்திக் குழலை வாசித்தார். வாத்தியக் குழுவின் இசையும் சேர்ந்திசையும் லண்டனில் பதிவாயின.

இவர்களோடு இன்னொரு குரலும் உண்டு. அது பாடகரின் குரலன்று. உயிரியலாளர் ரிச்சர்டு டாக்கின்ஸின் குரல். பரிணாமம் பற்றிப் பொதுமக்களுக்காகப் பல நூல்கள் எழுதியவர் அவர். ஹோலோபைனென் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அவரும் ஒப்புக்கொண்டு சில பகுதிகளைப் பேசிக் கொடுத்தார். தொகுப்பின் கடைசிப் பாட்டில் டார்வினின் அந்தக் கடைசி வாக்கியம் டாக்கின்ஸின் குரலில் ஒலிக்கிறது.

சென்னைக் கல்லூரி மாணவர் சொன்ன சொல்

தொகுப்பின் முதல் பாட்டைத் தொடங்கிவைப்பதும் டாக்கின்ஸின் குரல்தான். அந்தப் பாட்டின் தலைப்பு 'ஷடர் பிஃபோர் தி பியூட்டிஃபுல்'. அழகின் முன் சிலிர்த்து நில் என்று பொருள். அழகைக் கண்டால் மகிழலாம். சிலிர்த்து நடுங்குவது எப்படி?

இதே சொல்லை அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விஞ்ஞானி பயன்படுத்தியிருக்கிறார். அவர் நம்மவர். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்!

1930-இல், 19 வயதில், சந்திரசேகர் மேற்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து போனார். பயண நாட்களில் அவர் ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்த விண்மீன் சுருங்கி வெண்குள்ளன் ஆகிறது. எந்த நிறையுள்ள விண்மீனும் அப்படி அமைதியாக ஓய்ந்துவிட முடியுமா? முடியாது, அதற்கு ஒரு வரம்பு உண்டு என்றது கணக்கு. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறைதான் அந்த எல்லை. இன்று இது சந்திரசேகர் வரம்பு எனப்படுகிறது. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1975-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சந்திரசேகர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தலைப்பைக் கேளுங்கள்: ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன். ஒரு கவிஞர், ஒரு விஞ்ஞானி, ஓர் இசைமேதை! அந்தச் சொற்பொழிவில் தம் வாழ்வில் தம்மை மிகவும் உலுக்கிய அனுபவத்தைச் சொன்னார்.

நியூசிலாந்துக் கணிதவியலாளர் ராய் கெர் 1963-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வு கண்டார். சுழலும் கருந்துளையைப் பற்றிய தீர்வு அது. ஒரு கருந்துளை எந்த விண்மீனிலிருந்து, எந்தப் பொருளிலிருந்து உருவாகியிருந்தால் என்ன? அதன் நிறை, அதன் சுழற்சி என்ற இரண்டு எண்கள் தெரிந்தால் அதை முழுமையாக விவரித்துவிடலாம். மனிதன் தாளில் அழகைத் தேடிப் போட்ட கணக்கும், கண்ணுக்கு எட்டாத வானத்தில் இயற்கை செய்துவைத்திருப்பதும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்கின்றனவே! இதை உணர்ந்தபோது வந்ததைத்தான் சந்திரசேகர் அழகின் முன் வரும் சிலிர்ப்பு என்றார். டாக்கின்ஸ் 1998-இல் எழுதிய, வானவில்லைப் பற்றிய கீட்ஸின் புகாருக்கு விடை சொல்லும் நூலில், சந்திரசேகரின் இந்தப் பேச்சை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

கவனித்தீர்களா? சந்திரசேகருக்குச் சிலிர்ப்பு வந்தது கணக்குப் புரியாதபோது அல்ல, புரிந்தபோது!

ஒரு சின்னச் செய்தி. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவில் கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. இந்தத் தொகுப்பு வெளிவந்த அதே 2015-இல், செப்டம்பர் 28 அன்று, அங்கிருந்துதான் 'ஆஸ்ட்ரோசாட்' என்ற விண்வெளி ஆய்வகம் ஏவப்பட்டது. 2024 ஜனவரி 1 அன்று 'எக்ஸ்போசாட்' ஏவப்பட்டது. கருந்துளைகளின் அருகிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை ஆராய்வதும் இவற்றின் பணிகளில் ஒன்று. சுண்ணாம்புக்குளத்துப் பிள்ளைகளுக்கு வடக்கே ராக்கெட் எழும் வெளிச்சம் முதலில் தெரியும். ஓசை வந்துசேர ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். ஏன் என்று நீங்களே சொல்லுங்கள்.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

ஃபின்லாந்தில் இந்தத் தொகுப்பு விற்பனையில் முதலிடம் பிடித்தது. பத்திரிகை விமர்சகர்களில் பலர் பாராட்டினார்கள். புதிய பாடகியின் குரல், துருத்திக் குழலின் இனிமை, பெரிய பொருளைக் கையிலெடுத்த துணிச்சல் ஆகியவை பாராட்டுப் பெற்றன.

எல்லோரும் பாராட்டினார்கள் என்று சொல்ல முடியாது. குறைகளும் வந்தன. அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, நீளம். கடைசிப் பாட்டு 24 நிமிடம் ஓடுகிறது. சிலர் அதைத் தொகுப்பின் சிகரம் என்றார்கள். சிலர் பொறுமையைச் சோதிக்கிறது என்றார்கள். இரண்டு, பாட்டுக்கு நடுவே பேச்சு. பாட்டு கேட்க வந்தவனை வகுப்பறையில் உட்காரவைத்தது போல் இருக்கிறது என்பது ஒரு சாராரின் குறை. மூன்று, பாடகி. எல்லா வகையிலும் பாட வல்லவரின் குரலை அடக்கியே பாடவைத்துவிட்டார்கள் என்று சிலர் குறைப்பட்டனர்.

டாக்கின்ஸ் மதங்களைக் கடுமையாக விமர்சிப்பவர். ஆகவே அவரைச் சேர்த்துக்கொண்டது பிடிக்காமல் முகம் சுளித்த இரசிகர்களும் உண்டு. அதற்காகவே வரவேற்றவர்களும் உண்டு. 2015 டிசம்பர் 19 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த நிகழ்ச்சியில், கடைசிப் பாட்டின்போது டாக்கின்ஸே மேடையேறிப் பேசினார். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஓர் உயிரியலாளருக்குக் கைதட்டிய காட்சி அது!

பத்திரிகையில் வராத ஒரு விமர்சனமும் உண்டு. அதை எழுதியவர்கள் பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள். ஃபின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்தில் கிடைத்த கொசு போன்ற ஒரு சிறு பூச்சி புதிய இனம் என்று 2017-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் சியோஃபிலா ஹோலோபைனெனி. ஆம், பாட்டு எழுதியவரின் பெயர்தான்! எல்லையில்லா உருவங்களைப் பாடியவருக்கு அந்த உருவங்களில் ஒன்றையே காணிக்கையாக்கிவிட்டார்கள். இதைவிட நல்ல மதிப்புரை யாருக்குக் கிடைக்கும்?

இரண்டு வகை விமர்சனம்

இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். 1935 ஜனவரியில் சந்திரசேகர் தம் வரம்பைப் பற்றி லண்டனில் விஞ்ஞானிகள் அவையில் பேசினார். உடனே அக்காலத்தின் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் எழுந்து அதை மறுத்தார். விண்மீன் அப்படி நடந்துகொள்வதை இயற்கை அனுமதிக்காது என்பது அவர் வாதம். அவையோரும் எடிங்டன் பக்கமே சாய்ந்தனர். 24 வயது இளைஞருக்கு அது எவ்வளவு பெரிய அடி!

ஆனால் வானம் எடிங்டனின் புகழைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல ஆதாரங்கள் சேர்ந்தன. சந்திரசேகரின் கணக்கே சரியென்று உலகம் ஏற்றது. அறிவியலில் விமர்சகர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கடைசிச் சொல் சோதனைக்கும் கண்டறிதலுக்கும் உரியது.

பாட்டுக்கு அப்படி ஒரு சோதனைச்சாலை இல்லை. 24 நிமிடம் நீளம் என்று ஒருவர் சொன்னால் அது அவருக்கு நீளம்தான். இல்லை என்று இன்னொருவர் சொன்னால் அதுவும் உண்மை. ஆகவே பாட்டின் விமர்சனத்தைப் படித்ததும் நம்பிவிடாதீர்கள். நீங்களே காதால் கேட்டு முடிவு செய்யுங்கள். அறிவியல் செய்தியைப் படித்ததும் நம்பிவிடாதீர்கள். ஆதாரம் என்ன என்று கேளுங்கள். இரண்டுக்கும் தேவை சொந்தப் புத்தி.

கரையில் ஒரு சோதனை

அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். அவனிடம் இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். "சரி, அந்த 24 நிமிடத்தை இங்கேயே சோதித்துப் பார்ப்போமா?" என்று கேட்டேன்.

அந்தக் கடைசிப் பாட்டின் பெயர் 'பூமியின் மாபெரும் காட்சி' என்று பொருள்படும். அதற்கு ஐந்து பகுதிகள். முதல் பகுதியின் பெயர் 'நாலு புள்ளி ஆறு'. அதாவது 4.6 பில்லியன், நம் கணக்கில் 460 கோடி ஆண்டுகள். சூரியக் குடும்பம் உருவாகி ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகிறது. அடுத்து உயிர் தோன்றுகிறது. இன்று வாழும் எல்லா உயிர்களுக்கும் பொதுவான மூதாதையை விஞ்ஞானிகள் 'லூகா' என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரும் பாட்டில் வருகிறது. விலங்குகளின் குரல்கள் ஒலிக்கின்றன. பிறகு கருவி செய்யும் மனிதன் வருகிறான். பிறகு தன்னைப் புரிந்துகொள்ளும் மனிதன். கடைசிப் பகுதியின் பெயர் 'கடல் தேய்த்த மிதவைக்கட்டை'. பழவேற்காட்டுக் கரையில் ஒதுங்கும் கட்டையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாட்டு காலத்தை அளவுப்படி பங்கிடவில்லை. நாம் பங்கிட்டுப் பார்க்கலாம். 24 நிமிடம் என்பது 1,440 நொடி. 460 கோடியை 1,440 ஆல் வகுத்தால் ஒரு நொடிக்குச் சுமார் 32 லட்சம் ஆண்டுகள்! ஒரு மாணவி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் அறிவிப்பாளன்.

தொடங்கியாயிற்று. 5 நிமிடம் 44 நொடி வரை அமைதி. அப்போதுதான் உயிர் இருந்ததற்கான உறுதியான பழந்தடயங்கள், அதாவது சுமார் 350 கோடி ஆண்டுக்கு முந்தைய நுண்ணுயிர்கள். மறுபடி நீண்ட அமைதி. பதினொன்றரை நிமிடத்தில் காற்றில் ஆக்சிசன் சேரத் தொடங்குகிறது. மீண்டும் அமைதி. "இன்னும் ஒண்ணும் வரலையா சார்?" என்று நெளிந்தார்கள்.

21 நிமிடம் 11 நொடி. கையில் வைத்திருந்த மட்டியின் ஓட்டை உயர்த்திக் காட்டினேன். ஓடுள்ள உயிர்கள் கடலில் பெருகத் தொடங்கியது இப்போதுதான். சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. சுண்ணாம்புக்குளம் என்ற ஊர்ப் பெயரிலேயே சுண்ணாம்பு இருக்கிறதே! இந்த ஏரியில் புதைந்து கிடக்கும் ஓடுகளை எடுத்துச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கிய காலம் உண்டு. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். காளவாயில் சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு நிற்கும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றிய சுண்ணாம்பு ஆகும். சுவரில் பூசிய வெள்ளைக்குப் பின்னால் 54 கோடி ஆண்டுப் பரம்பரை!

22 நிமிடம் 4 நொடி. டெவோனியன் காலக் கடலில் துடுப்புள்ள மீன்களின் ஒரு கிளை காலுள்ள விலங்குகளாக மாறிக் கரையேறும் வழியில் இருக்கிறது. நாமும் அந்தக் கடலின் வாரிசுகள் என்கிறது பாட்டு. 23 நிமிடம் 39 நொடி. பறவைகளைத் தவிர மற்ற டைனோசர்கள் அழிகின்றன. தப்பிய பறவைகளின் வழித்தோன்றல்கள்தாம் எதிரே மேய்ந்துகொண்டிருக்கும் பூநாரைகள். அவற்றின் அலகைப் போலவே நீரைச் சலிக்கும் அமைப்பு சில திமிங்கிலங்களின் வாயிலும் உண்டு. இரண்டும் நெருங்கிய உறவினர் அல்ல. ஒரே தேவைக்கு இயற்கை இரண்டு வழியில் ஒரே விடையை எட்டியிருக்கிறது.

நம் மனித இனம்? அது தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள். கடைசி நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தப் பழவேற்காடு ஏரி? கடல் மட்டம் மாறி, மணல் திட்டு எழுந்து இது உருவாகிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. கணக்குப்படி நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு!

24 நிமிடம் முடிந்தது. யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

"அப்போ இந்த ஏரி இருக்கிற நேரம் கை தட்டுற நேரம்கூட இல்லையா சார்?" என்று அதே பையன்தான் கேட்டான்.

வலைக்காரப் பெரியவர் பதில் சொன்னார். "அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளயே அதை நாம கெடுத்துடக் கூடாது தம்பி. முகத்துவாரம் மண்ணு மூடிச்சின்னா கடல் தண்ணி உள்ளே வராது. இறால் குஞ்சும் வராது. மடவையும் வராது. அப்புறம் உன் பூநாரைக்கு இங்கே என்ன வேலை?"

அவர் ஒரு வாக்கியத்தில் உயிர்ச்சூழல் பாடத்தையே சொல்லிவிட்டார். பழவேற்காடு, ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதியில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும் முகத்துவாரம் வழியே வரும் கடல்நீரும் கலக்கும் அளவைப் பொறுத்தே இங்கு எல்லா உயிர்களின் வாழ்வும். வண்டல் படிவது, முகத்துவாரம் அடைபடுவது, கழிவு கலப்பது ஆகியவை அந்த அளவைக் குலைக்கின்றன. எல்லையில்லா உருவங்கள் என்று டார்வின் வியந்தார். ஆனால் ஒவ்வோர் உருவத்துக்கும் எல்லை உண்டு. அழிந்த உருவம் திரும்பி வராது. நைட்விஷ் குழுவும் இதை உணர்ந்திருக்கிறது. 2020-இல் வெளிவந்த அடுத்த தொகுப்பின்போது, காடுகளைக் காக்கப் பாடுபடும் உலக நில அறக்கட்டளையுடன் அக்குழு கைகோத்தது.

பையனிடம் கேட்டேன்: "இப்போ சொல்லு. பூநாரையின் அழகு குறைஞ்சு போச்சா?"

அவன் பைனாகுலரை மறுபடி வாங்கிக்கொண்டான். வெகு நேரம் பார்த்தான். "குறையலை சார். ஆனா முன்னே பார்த்தது வேற, இப்போ பார்க்கிறது வேற" என்றான்.

கீட்ஸின் புகாருக்கு இதைவிடச் சுருக்கமான விடை எனக்குத் தெரியாது.

நண்பர்களே, நீங்களும் செய்து பாருங்கள். குளமோ, வாய்க்காலோ, கடற்கரையோ, உங்கள் ஊரில் எது இருக்கிறதோ அதன் கரையில் சரியாக 24 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கண்ணில் படும் உயிர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள். பிறகு ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரே ஒரு 'ஏன்' கேளுங்கள். ஏன் இந்த அலகு? ஏன் இந்த நிறம்? ஏன் இந்த ஓடு? விடை தேடிக் கண்டபின் மறுபடி அதே கரைக்குப் போய்ப் பாருங்கள். அழகு கூடியதா, குறைந்ததா? அந்தத் தீர்ப்பை எந்த விமர்சகருக்கும் விட்டுவிடாதீர்கள்!